பிள்ளையைத் தனியாகப் பேசவிடும் கிளினிக்: ஒரு அப்பாவின் விமர்சனம்

திருச்சி தில்லைநகரில் கிளினிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பதின்வயதுப் பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்க்கும் மனநல டாக்டர் வேண்டுமென்றால் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும். குறையும் சொல்லப்போவதால் நாங்கள் போன கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி இடத்தில் என்ன எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்தால் போதும். மகளிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன், இரண்டு வரியை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன்.

பிளஸ் ஒன் படிக்கிறாள். ரெக்கார்டு நோட் வைப்பதே இல்லை, சோம்பேறி என்பது பள்ளியின் புகார். வீட்டில் நடப்பது வேறு. கரப்பான் பூச்சியின் செரிமான மண்டலத்தை வரைய உட்காருவாள், ஒரு கோடு தடித்துவிட்டது என்று அழிப்பாள், அழித்த இடம் கறுத்துவிட்டது என்று தாளையே கிழிப்பாள், தாள் கிழித்தது வெளியே தெரிகிறது என்று ராத்திரி பதினோரு மணிக்குப் புது நோட்டு கேட்பாள், கடைசியில் எதையும் வைக்காமலேயே மறுநாள் பள்ளிக்குப் போவாள். இதோடு "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சும் சேர்ந்த பிறகுதான் கிளம்பினோம்.

முதல் நாள் முழுக்க விசாரணைதான். எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு டீச்சருக்கு ஒரு படிவம், பழைய ரேங்க் கார்டுகள் வேறு. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று பார்க்காமல் ஏடிஹெச்டி, அதாவது கவனம் சிதறும், துறுதுறுப்பு அடங்காத குறைபாடு என்று சொல்ல முடியாதாம். இரண்டாம் வகுப்பு கார்டிலேயே "நன்றாகப் படிக்கிறாள், கவனம் போதாது" என்று இருந்தது. ஓடியாடித் தொல்லை தராத, கவனம் மட்டும் சிதறும் வகை. பெண் பிள்ளைகளிடம் இது அடிக்கடி கண்ணில் படாமலே போய்விடுகிறது. அப்படியென்றால் இந்தக் கச்சிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே மறதிக்கும் கவனக்குறைவுக்கும் திட்டு வாங்கிய பிள்ளை, இனி ஒரு தப்பும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று போட்டுக்கொண்ட கவசம் என்றார் டாக்டர்.

அங்கிருந்த சைக்காலஜிஸ்ட் இதை இன்னும் விளக்கினார். 1991-இல் ஹெவிட், ஃபிளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள், எல்லாம் கச்சிதமாக இருந்தே ஆகவேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்தை மூன்றாகப் பிரித்தார்களாம்: நமக்கு நாமே வைத்துக்கொள்வது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நாம் நம்புவது. மூன்றாவதுதான் தற்கொலை எண்ணத்தோடு அதிகம் சேர்ந்து வருகிறது. ஏடிஹெச்டி இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து பொதுவாகவே கொஞ்சம் கூடுதல், மனச்சோர்வும் சட்டென்று செயலில் இறங்கும் சுபாவமும் சேரும்போது இன்னும் கூடும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகும் என்று அர்த்தமில்லை, ஒரே காரணத்தால் ஆவதும் இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்.

நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இதற்குத்தான்: எங்களை வெளியே அனுப்பிவிட்டு, "செத்துப்போகலாம்னு தோணியிருக்காம்மா?" என்று அவளிடம் நேராகவே கேட்டிருக்கிறார் டாக்டர். எதையெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எதைச் சொல்வேன் என்று முன்கூட்டியே அவளிடம் பேசிக்கொண்டாராம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடாதா என்று என் மனைவி பதறினாள். கிளப்பாது, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து என்றார். எண்ணம் இருந்திருக்கிறது. அன்றே ஒரு தாளில் அவள் கையாலேயே எழுதவைத்தார்: மனசு கெட ஆரம்பிப்பதற்கு என்ன அடையாளம், அப்போது என்ன செய்வாள், யாரைக் கூப்பிடுவாள், கடைசி வரியில் 14416 என்ற மனநல உதவி எண். அந்தத் தாளிலும் ஒரு எழுத்து அடித்துத் திருத்தியிருக்கிறது, கிழிக்கவில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை மருந்துகளைப் பூட்டி வைக்கும் வேலை எங்களுக்கு.

மருந்து பற்றியும் மறைக்காமல் பேசினார்கள். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் அடோமாக்ஸெடின் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டபோது, சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்று 2005-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை போட வைத்ததையும், கொடுத்தால் ஆரம்பத்தில் எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். எங்களுக்கு எழுதியது மெத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு ஏடிஹெச்டி மருந்து. அது எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஊரெல்லாம் அலைந்திருக்க வேண்டாம்.

குறைகளுக்கு வருவோம். டோக்கன் நேரம் சும்மா பேருக்குத்தான். டீச்சருக்கான படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே, அதை யாராவது தமிழில் போட்டால் புண்ணியம். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் சைக்காலஜிஸ்டை மாற்றிவிட்டார்கள், பிள்ளை முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதாயிற்று. காத்திருக்கும் ஹாலில் "முதலிடம் ஒன்றே இலக்கு" என்று மலையேறும் ஆள் படத்தோடு ஒரு போஸ்டர். இங்கே வரும் பிள்ளைகளுக்கு வேறு எதை வேண்டுமானாலும் மாட்டலாம், இதை மாட்டலாமா?

ராத்திரியில் கிளினிக் போனை யாரும் எடுப்பதில்லை. அதற்குத்தான் 14416, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கவுன்சலிங்குக்குச் சனிக்கிழமை கிடைப்பது கஷ்டம், வார நாளில் மாலை நேரம் கேளுங்கள், கூட்டம் குறைவு.