ஸ்பிரிங்ஃபீல்டா, மெடோராவா: மாநிலப் பணம் எதைக் காக்க வேண்டும்?

1929இல் பதவியேற்ற ஹூவர் முதலான அமெரிக்க அதிபர்களின் ஆவணங்களும் நினைவுப் பொருள்களும் இருக்கும் நூலகங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் பார்த்துக்கொள்கிறது. அவருக்கு முந்தையவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதனால் லிங்கனுக்காக இல்லினாய் மாநிலமும், தியோடர் ரூஸ்வெல்ட்டுக்காக வடக்கு டகோட்டாவும் தங்கள் கருவூலத்தைத் திறந்தன.

இல்லினாயின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் 2004இல் லிங்கன் நூலகமும் 2005இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. இரண்டையும் நடத்துவது மாநில அரசே. உள்நாட்டுப் போரின்போது லிங்கன் ஆற்றிய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையை அவரே தம் கைப்பட எழுதிய பிரதிகள் ஐந்தே கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு, வழக்கறிஞர் அலுவலகம், பழைய சட்டமன்றம், கல்லறை எல்லாம் அதே ஊரில். ஒருநாள் முழுக்கச் சுற்றினாலும் போதாது. சுற்றுலா வளர்ச்சி என்றால் எனக்கு இதுதான்.

ஆனால் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்பார்த்து நிற்பது ஆபத்தானது. மாநிலம் நிதி நெருக்கடியில் சிக்கிய 2015இல், அதே ஊரிலுள்ள மாநில அருங்காட்சியகம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதைவிட வலிக்கும் கதை வேறு. 2007இல் லிங்கன் நூலகத்தின் துணை அறக்கட்டளை கடன் வாங்கி ஒரு தனியார் சேகரிப்பை வாங்கியது. கடன் அடையவில்லை, உரிமையும் அரசுக்கு வரவில்லை. அந்தச் சேகரிப்பைச் சேர்ந்த, லிங்கன் சுடப்பட்ட இரவில் அவர் சட்டைப்பையில் இருந்த, இரத்தக்கறை படிந்த கையுறைகள் 2025இல் ஏலத்தில் போயின. பொதுமக்கள் பார்த்து நின்ற பொருள் இப்படிக் கைமாறியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மெடோரா, வடக்கு டகோட்டாவில் நூறு சொச்சம் பேர் வாழும் சிற்றூர். 1883இல் காட்டெருமை வேட்டைக்கு வந்த ரூஸ்வெல்ட், மறு ஆண்டு மனைவியையும் தாயையும் ஒரே நாளில் இழந்தபின் ஆறுதல் தேடி வந்தது இந்தப் புல்வெளிக்குத்தான். 2019இல் சட்டமன்றம் 5 கோடி டாலரை அங்கே அமையும் ரூஸ்வெல்ட் நூலகத்தின் பராமரிப்புக்கான வைப்பு நிதியாக ஒதுக்கியது. நன்கொடையாளர்கள் 10 கோடி டாலர் தந்தால்தான் கிடைக்கும் என்று நிபந்தனையும் விதித்தது. திறப்புக்குக் குறித்த நாள் 2026 ஜூலை 4. அசல் தொகையை எடுத்துச் செலவழிக்காத இந்த ஏற்பாடு, ஆண்டு ஒதுக்கீட்டைவிட உறுதியானது. குறை ஒன்று உண்டு: ரூஸ்வெல்ட்டின் மூலத்தாள்களில் பெரும்பகுதி நாடாளுமன்ற நூலகத்திலும் ஹார்வர்டிலும் இருக்கின்றன. நிலக்காட்சிக்காக வருவோருக்கு அது பொருட்டல்ல, ஆய்வாளருக்குப் பொருட்டு.

நிதி ஏற்பாட்டில் மெடோராவுக்கே என் வாக்கு. பயணத்துக்கு ஸ்பிரிங்ஃபீல்ட். இல்லினாய் சட்டமன்றம் இனி ஒரு டாலர் தந்தாலும், அதில் வாங்கும் பொருளின் உரிமை மாநிலத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கட்டும்.