இணையவழித் தம்பதிப் பயிற்சி: ஓராண்டுக்குப் பிறகு

கட்டணம் கட்டிச் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சேரலாம், இருவரும் மனத்திலுள்ளதை எழுதச் சம்மதித்தால் மட்டும்.

வீடு அல்சூரில். என் கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, எனக்கு ஜெயநகரில். பெங்களூர் நெரிசலில் இருவரும் ஒரே நேரத்தில் ஆலோசகர் முன் போய் உட்கார முடியவில்லை. அதனால்தான் இணையவழிப் பயிற்சி. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், நீல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த தம்பதி சிகிச்சையைப் பின்பற்றியது அது. அந்த முறையின் இணைய வடிவம் ஒன்றை பிரையன் டாஸ் குழுவினர் 300 தம்பதிகளிடம் சோதித்து, மனநிறைவு கூடியதாக 2016இல் வெளியிட்டார்கள். அந்த நம்பிக்கையில் சேர்ந்தோம்.

எல்லாச் சண்டைகளையும் கொட்ட விடமாட்டார்கள். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஊரிலுள்ள தன் தம்பிக்கு என் கணவர் என்னிடம் சொல்லாமல் பணம் அனுப்புவதை எடுத்தோம். இருவரின் இயல்பில் உள்ள வேறுபாடு, வெளியே காட்டாத உணர்வு, வெளியிலிருந்து வரும் நெருக்கடி, சண்டை மூளும் விதம் என்று நான்கு கோணங்களில் தனித்தனியாக எழுதி, பிறகு படித்துக்காட்ட வேண்டும். என் மாமனார் இறந்தபின் குடும்பமே தன் தலையில் விழுந்துவிட்டதாக அவர் எழுதியிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் கேட்பேன், அவர் மௌனமாவார், நான் குரலை உயர்த்துவேன், அவர் மாடிக்குப் போய்விடுவார். ஒருவர் துரத்த மற்றவர் விலகும் இந்தச் சுழல்தான் கிறிஸ்டென்சன் நெடுங்காலம் ஆராய்ந்தது. அதை எங்கள் கையெழுத்திலேயே பார்த்தபோது கோபம் பாதி இறங்கிவிட்டது.

பணம் இன்றும் போகிறது. ஆனால் சம்பளம் வந்ததும் தொகையை இருவரும் பேசி முடிவு செய்கிறோம். எனக்கு அது போதும்.

குறை உண்டு. பாடங்களில் கணவன், மனைவி இருவர்தான் வாழ்கிறார்கள். தினமும் தொலைபேசியில் பேசும் மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் அங்கே இடமில்லை. அந்தப் பகுதியை நாங்களே சேர்த்து எழுதினோம். பயிற்சியின் வழிகாட்டி இடையிடையே அழைத்துப் பேசியிராவிட்டால் என் கணவர் பாதியில் நிறுத்தியிருப்பார். அழைப்பு வசதி இல்லாத திட்டத்தில் சேராதீர்கள்.

அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். அங்கே மனத்திலுள்ளதை எழுதிக் காட்டுவதே ஆபத்து. பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. மனச்சோர்வு அழுத்தினால் 14416இல் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.