கெய்ரோ கடைத்தெருவின் மம்லூக் விளக்குகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கெய்ரோவின் பழைய சந்தையான கான் அல்-கலீலியில் பள்ளிவாசல் விளக்கு என்று தொங்கவிட்டிருப்பவை தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். மேலே விரிந்த கழுத்து, உருண்ட வயிறு, கீழே பாதம், சுற்றிலும் நீல எழுத்தும் பொன்னும். கையில் எடுத்தால்தான் வேறுபாடு புரியும். ஒரு வகை எனாமலை உலையில் சுட்டது. மற்றது கண்ணாடிமேல் பெயின்ட் தீட்டிக் காயவைத்தது. தொங்கவிட்டு ஏற்றுவதென்றால் சுட்டதை மட்டும் வாங்குங்கள். பெயின்ட் அடித்தது அலமாரிக்குத்தான் சரி.

இரண்டுக்கும் முன்மாதிரி 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்திலும் சிரியாவிலும் செய்தவை. எனாமல் என்பது நிறமேற்றிய கண்ணாடிப் பொடி. சிவப்புக்கு இரும்பு, வெள்ளைக்கு வெள்ளீயம், நீலத்துக்குக் கோபால்ட் அல்லது அரைத்த லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல். பொடியைக் குழைத்துத் தீட்டி, விளக்கை மறுபடி உலையில் காட்டுவார்கள். சூடு குறைந்தால் எனாமல் ஒட்டாது, மிஞ்சினால் விளக்கே தொய்ந்துவிடும். எனாமலும் அடிக்கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காவிட்டால் மயிரிழை வெடிப்பு விழும், பிறகு துண்டு துண்டாக உதிரும். புதிய விளக்குகளிலும் இதே கோளாறு வரும். எழுத்தின் ஓரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள், வெடிப்பு முதலில் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.

சுட்ட எனாமல் விரலுக்கு மேடாகவும் கடினமாகவும் தட்டுப்படும், நகத்தால் சுரண்டினாலும் அசையாது. சந்தேகமிருந்தால் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, பாதத்தின் அடியில் நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கலாம். பெயின்ட்டாக இருந்தால் பெரும்பாலும் பஞ்சில் நிறம் ஏறிவிடும். பொன்னிலும் ஏமாற்று உண்டு. பொன்னிறப் பெயின்ட்டில் இருப்பது பித்தளைத் தூள், அது நாளாக ஆகக் கறுத்துப் பழுப்பாகும். அசல்களில் பொன்பரப்பின் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கையால் நடுங்காமல் இழுத்திருந்தால், செய்தவர் தொழில் தெரிந்தவர்.

எழுத்தையும் பாருங்கள். கழுத்தில் வழக்கமாக இருப்பது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், 24:35: மாடத்தில் விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள் என்று வரும் வசனம். வயிற்றில் விளக்கைக் கொடுத்த சுல்தான் அல்லது அமீரின் (படைத்தலைவரின்) பெயரும் பட்டங்களும். பல அசல்களில் வசனத்தின் முற்பகுதி மட்டுமே இருக்கும், எனவே பாதியில் நிற்பது குறையல்ல. ஆனால் அச்சுத்தாளை ஒட்டிச் சுட்ட விளக்குகளில், தாளின் இரு முனைகள் சேரும் இடத்தில் சொல் நடுவில் வெட்டுப்படும். அந்த இணைப்பைத் தேடிப் பாருங்கள்.

சங்கிலி மாட்டும் வளையங்கள்தான் உயிர்ப்பகுதி. சூடான கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தால் வளையத்தின் அடி உடலோடு உருகிக் கலந்திருக்கும். பசையால் ஒட்டியிருந்தால் வெளிச்சத்தில் ஒரு கோடு தெரியும், அந்தப் பசை பல்பின் சூட்டில் இளகும். அப்படிப்பட்டதைத் தலைக்குமேல் தொங்கவிடவே கூடாது. பழைய முறையில் உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் வைத்து, அடியில் நீர், மேலே எண்ணெய், அதில் திரி. இன்று 3 முதல் 5 வாட் எல்.இ.டி., 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம், போதும். வெள்ளை வெளிச்சத்தில் பொன் செத்துவிடும்.

இது பழைய பொருள் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். எகிப்தின் 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடை செய்கிறது. அதோடு 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஃபிலிப்-ஜோசஃப் புரோகார் மிகச் சிறந்த நகல்களைச் செய்திருக்கிறார், எனவே வெறும் பார்வையை நம்ப முடியாது. வாங்குமுன் பாப் அல்-கல்கில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். சுல்தான் ஹசன் பள்ளிவாசலின் விளக்குகளைப் பார்த்தபின் கண் தானே கறாராகிவிடும்.

ஊருக்குக் கொண்டுவர: வளையங்களைத் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, வயிற்றுக்குள் துணியைத் தளர்வாக அடைத்து, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். துடைக்க உலர்ந்த மெல்லிய தூரிகை மட்டும் போதும்.