குழந்தையின் உழைப்பு, பெற்றோரின் கணக்கு: பிரான்சும் இல்லினாய்ஸும்

பிள்ளைகளைக் காட்டி யூடியூபில் சம்பாதிக்கும் பெற்றோரை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாக அணுகுகின்றன. பிரான்சின் சட்டம் 2020 அக்டோபரில் வந்தது. 16 வயதுக்குட்பட்ட குழந்தையை வைத்துத் தொழில்முறையில் காணொளி எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கைத்தான் பெற்றோர் தொடலாம். மிச்சம் அரசு நிதி நிறுவனத்தில் குழந்தை பெயரில் பத்திரமாக இருக்கும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டம் ஒரு பள்ளி மாணவியின் கடிதத்திலிருந்து பிறந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. முப்பது நாள் பதிவுகளில் குறைந்தது 30 சதவீதத்தில் குழந்தை தோன்றினால், வருமானத்தில் அதற்குரிய பங்கை அந்தக் குழந்தைக்காகவே ஒதுக்கிவைக்கும் அறக்கட்டளைக் (டிரஸ்ட்) கணக்கில் போட வேண்டும். கணக்கு எழுதுவது, பணம் ஒதுக்குவது எல்லாம் பெற்றோர் பொறுப்பு. அவர்கள் ஏமாற்றினால், பிள்ளை வளர்ந்தபின் வழக்குத் தொடரலாம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெற்ற தாய் தகப்பன்மீது வழக்குப் போட மனத்துணிவும் வேண்டும், வக்கீலுக்குப் பணமும் வேண்டும். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் எட்டாது. பிரான்சு அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் சம்மதமின்றியே தன் காணொளியை நீக்கச் சொல்லும் உரிமையைப் பிரான்சு குழந்தைக்கே தந்தது. இல்லினாய்ஸ் அந்தச் சட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை. பணத்தைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.