பட்டன் இருக்கு, வயசு என்ன?

என் கார் 2018 மாடல். ஏழு வருடத்தில் ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல்புற வெட்டுகள், பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பஞ்சர் ஒட்ட வந்தவர் டயரின் பக்கவாட்டை அமுக்கிக் காட்டினார். வறண்ட ஏரி மண் போல மெல்லிய வெடிப்புகள். "பட்டன் இருக்கு சார், ரப்பர் செத்துப்போச்சு" என்றார்.

வீட்டில் முதலில் வந்த யோசனை, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்பது. 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் சட்டம் கேள்வி கேட்காது. ஆனால் ரப்பர் உள்ளுக்குள்ளும் கெடுகிறது. டயரில் அடைத்த காற்றின் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறி, இரும்புக் கம்பி அடுக்குகளைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பரை இறுக வைத்துவிடும். சூடு கூடக் கூட இது வேகமாகும். மே மாத மதியம், உளுந்தூர்பேட்டை தாண்டி நூறில் போகும்போது மேல்பட்டை மொத்தமாக உரிந்து வந்தால் பட்டன் ஆழத்தை வைத்து என்ன செய்வது? 2012இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்து மூவர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை, பட்டன் இருந்தது. பேருந்து, லாரிகளின் முன்சக்கரத்தில் பத்து வயது தாண்டிய டயர் கூடாது என்று அங்கே தடை வந்தது 2021இல்தான்.

"ஸ்டெப்னி புதுசாத்தானே இருக்கு, அதை மாட்டு" என்றார் மாமா. ஓடாத டயர் புது டயர் அல்ல. வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் ரசாயனமும், டயர் உருண்டு நெளியும்போதுதான் மேலே கசிந்து வரும். டிக்கியில் கிடந்தே கிழமானதற்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

ரீட்ரெடிங்கை, அதாவது தேய்ந்த டயருக்கு மறுபடி பட்டன் போடுவதை, நான் குறை சொல்ல மாட்டேன். நம் அரசுப் பேருந்துகள் அதில்தான் ஓடுகின்றன, விமானங்களும்கூட. அந்த டயர்களின் உடம்பே மறுபடி பட்டன் போடுவதை எண்ணிச் செய்யப்பட்டது. கார் டயர் அப்படியில்லை. ஏழு வயது உடம்புக்குப் புதுச்சட்டை போட்ட கதைதான்.

செகண்ட் ஹேண்ட் டயர் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறது. பாலிஷ் போட்டால் வெடிப்பு மறைந்துவிடும். மொட்டை டயரில் சூட்டுக்கத்தியால் கோடு வெட்டி விற்பவர்களும் உண்டு. உள்ளே எத்தனை ஒட்டு என்பது கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். புது வண்டி எடுத்த கையோடு பெரிய அலாய் வீல் போட்டவர்கள் கழற்றிப்போட்டது கிடைத்தால் வாங்கலாம். மற்றபடி இந்தப் பட்டியலிலேயே மோசமான யோசனை இதுதான். பழைய டயரையே ஓட்டினாலாவது அது பட்ட பாடு நமக்குத் தெரியும்.

ஆக, புதுசு. இங்கேயும் ஒரு சிக்கல். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பெரிய பிராண்டு, நல்ல தள்ளுபடி, தேதி 4723. அதாவது 2023ஆம் ஆண்டின் 47ஆவது வாரம். இன்னொன்று சுமாரான பிராண்டு, மூன்று மாதத்துக்கு முன் தயாரானது. டிஓடி என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். பல டயர்களில் ஒரு பக்கம்தான் முழுசாக இருக்கும். மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் குனிந்து தேட வேண்டும். மாட்டும் முன்பே பார்த்துவிடுவது இடுப்புக்கு நல்லது.

நிழலில் ஒழுங்காக வைத்த டயர் ஓராண்டில் கெட்டுவிடாது. வருடம் 60,000 ஓட்டும் டாக்சிக்காரர் என்றால் தள்ளுபடி டயரைத்தான் வாங்கச் சொல்வேன். வயசாவதற்குள் அவருக்குத் தேய்ந்துவிடும். வருடம் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டும் எனக்கு டயர் தேய்ந்து போவதில்லை, வயசாகித்தான் போகிறது. கடை அலமாரியில் கழிந்த ஒன்றரை வருடம் என் கணக்கில் நேரான நஷ்டம். சுமாரான பிராண்டையே எடுத்தேன், நான்கும்.

இரண்டு மட்டும் மாற்றுபவர்கள் புதுசைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடத்தான் கடையில் சொல்வார்கள். ஆனால் மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் சுற்றிவிடும்.

கழற்றிய நான்கையும் தாமே எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் விலை பேசினார். கத்தி வாங்கி நான்கின் பக்கவாட்டிலும் ஆழமாக ஒரு கீறல் போட்டேன். விலை பாதியானது.