சைட் பொறுப்புக்கு யார்: கம்பி கட்டி வளர்ந்தவரா, பட்டம் வாங்கி வந்தவரா?

இப்போது நடக்கும் கட்டட வேலைக்குப் பொறுப்பாளர் தேடியபோது இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் கம்பி கட்டும் வேலையில் தொடங்கி, மேஸ்திரியாகி, சூப்பர்வைசர் ஆனவர். இன்னொருவர் சிவில் படித்து சைட் இன்ஜினியராக வந்தவர். நான் முதலாமவரை எடுத்தேன். அதற்காக இரண்டாமவர் மட்டம் என்று இல்லை.

வரைபடம் படிப்பது, அளவு சரிபார்ப்பது, அடுத்த மூன்று வாரத்துக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்று கணக்குப் போடுவது, இதிலெல்லாம் படித்தவர் கைதான் ஓங்கும். ஹெல்மெட் இல்லாதவரை உள்ளே விடாமல் இருக்க இரண்டு பேருக்குமே தெரியும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி. சைட்டில் ஒரு தப்பு நடந்தால், அது பொறுப்பாளர் காதுக்கு கான்கிரீட் போடுவதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? பின்னால் வந்தால் உடைப்பதைத் தவிர பெரிதாக வழியில்லை.

பால்கனி ஸ்லாபையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டி நிற்கும் ஸ்லாபில் இழுவிசை மேல்பக்கம் வரும். அதனால் முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். அதைத் தூக்கிப் பிடிக்க அடியில் வைக்கும், கம்பியை வளைத்துச் செய்த கால்களுக்கு 'சேர்' (chair) என்று பெயர். அது குறைந்தால், கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து கம்பி கீழே இறங்கிவிடும். பூசி முடித்தபின் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முட்டு எடுக்கும்போது விரிசல் விடும், மோசமானால் ஸ்லாபே விழும். சேர் போதவில்லை என்பது கம்பி கட்டியவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கான்கிரீட் லாரி வந்து நிற்கிற நேரத்தில் சொன்னால் திட்டு விழும் என்றால், அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்?

எங்கள் சைட்டில் ஒருவர் திறந்தார். "அண்ணே, இந்த மூலையில சேர் பத்தலை." பொறுப்பாளர் யார் விட்டது என்று கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தார். கொட்டுவதை மறுகோடியில் தொடங்கச் சொல்லிவிட்டு, துண்டுக் கம்பியை வளைத்து சேர் செய்ய வைத்தார், நடக்கப் பலகை போட வைத்தார். விட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தது சாயங்காலம்தான். அப்புறம் யாரும் அவரிடம் எதையும் மறைத்து நான் பார்க்கவில்லை.

தொழிலிலிருந்து வந்த எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். "இத்தனை வருஷமா இப்படித்தானே போடுறோம்" என்று கலவை இளகட்டும் என்பதற்காகத் தண்ணீர் ஊற்றச் சொல்பவர்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் குறையும் என்று அவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. மறுபக்கம், "இதுல உங்களுக்கு எது சரியாப் படலை?" என்று மேஸ்திரியிடம் முதலில் கேட்கும் இன்ஜினியர்களும் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

என் அனுபவம் சிறிய, நடுத்தரக் கட்டடங்களோடு சரி. கிரேனும் ஏகப்பட்ட துணை ஒப்பந்தக்காரர்களும் இருக்கும் உயரமான கட்டடத்தில் தராசு படித்தவர் பக்கம் சாயலாம்.

எங்கள் ஆளுக்குப் பலவீனம் காகிதம். வரைபடம் மாறினால் பழைய தாளை நானே போய் எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுகிறேன். தினக் குறிப்பு எழுத ஒரு இளம் இன்ஜினியரைத் துணைக்குப் போட்டிருக்கிறேன். அந்தப் பையனும் இப்போது கம்பியை அழுத்திப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.