ஜாங்கோவில் பல படி விண்ணப்பம்: பாதி நிரப்பியது எங்கே தங்குகிறது?

கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று. நாலு படி: சொந்த விவரம், குடும்ப வருமானம், மதிப்பெண், சான்றிதழ் படங்கள். பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் இதைக் கட்ட மூன்று வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாகக் காட்டுவது மூன்றிலும் சுலபம்தான். மாணவர் மூன்றாம் படியில் நிறுத்திவிட்டால் அதுவரை அடித்தது எங்கே இருக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

முதல் வழி, ஒரே ஃபார்மை ஜாவாஸ்கிரிப்ட்டால் துண்டு துண்டாகக் காட்டுவது. சின்னப் படிவத்துக்குப் போதும். ஆனால் மறைத்து வைத்த துண்டில் கட்டாயப் புலம் ஒன்று காலியாக இருந்தால், குரோமில் அனுப்பு பொத்தான் அழுத்தியும் எதுவும் நடக்காது. பிழைச் செய்தி பிரவுசரின் டெவலப்பர் கன்சோலில் மட்டும் தெரியும். மாணவர் அங்கே போய்ப் பார்க்க மாட்டார்.

இரண்டாவது, ஃபார்ம்டூல்ஸ் விசார்ட். ஜாங்கோ 1.8-இல் தனிப் பொதியாகப் பிரிந்தது. ஃபார்ம்களை வரிசையாகக் கொடுத்தால் படிகளை அதுவே நடத்தும், ஒவ்வொரு படியையும் சர்வரில் சரிபார்க்கும், கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கும். அழகான வேலை. நான் அடிபட்டதும் இங்கேதான். சாதாரண செஷன் விசார்ட், அடித்ததை செஷனில் (அந்தப் பிரவுசருக்கென சர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவு) வைக்கும். அதற்கு ஒரு கெட் கோரிக்கை (பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் அனுப்புவது) வந்தால், புதிதாகத் தொடங்குகிறார் என்று எண்ணிச் சேமித்ததையெல்லாம் துடைத்துவிடும். சான்றிதழைப் படமெடுக்க மாணவி கேமராவைத் திறந்தார். நினைவகம் குறைந்த ஃபோன், பிரவுசர் பக்கத்தை மூடிவிட்டது. திரும்ப வந்து லிங்க்கைத் தட்டினார். முதல் படி, வெறும் கட்டங்கள். ஒவ்வொரு படிக்கும் தனி முகவரி தரும் விசார்ட் வகையில் இந்தத் தொல்லை இல்லை. விசார்ட்தான் வேண்டுமென்றால் அதையே எடுங்கள். அப்போதும் அடித்ததெல்லாம் செஷனில்தான் இருக்கும்: லாக்அவுட் செய்தால் போச்சு, அண்ணன் ஃபோனில் தொடங்கியதைப் பள்ளிக் கணினியில் முடிக்க முடியாது. இரண்டு டேபில் திறந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும்.

மூன்றாவது, முதல் படியிலேயே டேட்டாபேஸில் ஒரு வரைவு வரிசை (row). படிக்கு ஒரு மாடல்ஃபார்ம் (டேட்டாபேஸ் மாடலிலிருந்தே உருவாகும் ஃபார்ம்), அந்தப் படியின் புலங்கள் மட்டும். பல நாள் இழுக்கும் விண்ணப்பத்துக்கு நான் இதைத்தான் எடுப்பேன். லாகின் செய்தால் எந்தக் கருவியிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலை கொஞ்சம் கூடுதல்தான். இன்னும் வராத புலங்களுக்கு நல் (null, மதிப்பே இல்லாத நிலை) அனுமதிக்க வேண்டும். அதற்காகக் கட்டுப்பாட்டையே கைவிடாதீர்கள். 'வரைவாக இருக்க வேண்டும், இல்லையேல் வருமானம் இருந்தாக வேண்டும்' என்று செக் கன்ஸ்ட்ரெயின்ட் (டேட்டாபேஸே சரிபார்க்கும் விதி) போடலாம், ஜாங்கோ 2.2 முதல் அது உண்டு.

முடிக்காத வரைவுகளில் ஒரு குடும்பத்தின் வருமானமும் சான்றிதழும் கிடக்கும். முப்பது நாள் யாரும் தொடாததை அழிக்க ஒரு கமாண்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட கிரானில் போடுங்கள். வரிசையை அழித்தால் படக் கோப்பு தானாகப் போகாது. அதையும் அந்தக் கமாண்டிலேயே சேர்த்து அழியுங்கள்.